சாரல் ஸ்டூடியோவின் சிங்கம்

வியாழக்கிழமை மத்தியானம் இடத்துக்காரர் அனுப்பிய ஆள் வந்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜேசிபி வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்தருவி போகிற சாலையில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இருந்த சாரல் ஸ்டூடியோவுக்கு அப்படி ஒரு நாள் வரும் என்பது ஜஸ்டினுக்குத் தெரியாததல்ல. அந்த இடத்தில் லாட்ஜ் கட்டப்போவதாக ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அவனும் இலத்தூர் சாலையில் ஓர் அறை பார்த்து, விளக்குகளையும் பிரிண்டரையும் முகம் பார்க்கிற கண்ணாடியையும் சுருட்டிய திரைச்சீலைகளையும் ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். கடையைப் பற்றி அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. செல்போன் வந்த பிறகு ஐந்தருவிச் சாலையில் ஸ்டூடியோவைத் தேடி யார் வருகிறார்கள்? வாசலில் இருந்த சிங்கம்தான் பாக்கி.

அது சிமெண்டுச் சிங்கம். அவன் அப்பா ஞானதுரை எண்பத்தொன்றில் தன் கையாலேயே செய்தது. கேமராவைக் கண்டால் அழுகிற பிள்ளைகளை உட்காரவைக்க ஏதாவது வேண்டும் என்று ஆரம்பித்தார். அவர் சிங்கத்தை நேரில் பார்த்தவரில்லை. காலண்டர் படத்தைப் பார்த்துச் செய்தார். உடம்பு எப்படியோ வந்துவிட்டது. முகம் மட்டும் பக்கத்து நேந்திரங்காய் சிப்ஸ் கடை நல்லகண்ணு அண்ணாச்சியின் முகமாக வந்துவிட்டது. அண்ணாச்சி ஒரு மாதம் ஞானதுரையோடு பேசவில்லை. அடுத்த சீசனில் தன் மகன் மகாராஜாவைத் தூக்கிவந்து அதே சிங்கத்தின் மேல் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற குடும்பங்கள் அதில் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளை ஏற்றினார்கள். "இதே சிங்கந்தான், பாருங்க, இங்கனதான் நான் உக்காந்தேன்" என்று புருஷனிடம் காட்டுகிற பெண்களை ஜஸ்டின் ஒவ்வொரு ஆனியிலும் ஆடியிலும் பார்த்திருக்கிறான்.

ஆனால் அவனுக்குச் சிங்கத்தில் வேண்டியது வேறு. பிடரி மயிரை இழைப்பதற்குத் தோதான கரண்டி கிடைக்காமல், ஞானதுரை ஈரச் சிமெண்டில் வலது கை விரல்கள் நான்கையும் சேர்த்துப் பதித்து இழுத்திருந்தார். பிடரி முழுக்க நாலு நாலு கோடாக ஓடும். அதில் மூன்றாவது கோடு மட்டும் எங்கும் தாமதமாகத் தொடங்கி, ஆழமில்லாமல் போகும். படம் வெட்டுகிற கத்தியில் ஞானதுரையின் மோதிர விரல் நுனி போயிருந்தது. பத்து வயதில் பிடரிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஜஸ்டின் அதைக் கண்டுபிடித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஊரையெல்லாம் படம் எடுத்த ஞானதுரைக்கென்று இருந்தது ஒரே ஒரு படம், அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அவர் கை இந்த உலகத்தில் மிச்சம் இருந்த இடம் அந்தப் பிடரிதான்.

சிங்கத்தைப் பெயர்த்து எடுக்க முடியுமா என்று கொத்தனாரைக் கூட்டிவந்து கேட்டாகிவிட்டது. அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "உள்ள செங்கத்துண்டும் சோடா பாட்டிலுமா போட்டு அடைச்சிருக்காவ. நாலு காலுக்கும் கம்பி தரைக்குள்ள போகுது. தூக்குனா உங்க கையில வாலு மட்டும்தான் வரும்" என்றார்.

வியாழக்கிழமை சாயந்திரமே ஜஸ்டின் தென்காசிக்குப் போனான். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காளீஸ்வரி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம். அவனுடைய முதல் ஸ்கேனர், முதல் பிரிண்டர், ஆல்பம் செய்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் மென்பொருள் போட்டுக்கொடுத்தவள் அவள்தான். எதைப் போட்டாலும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு லாங் சைஸ் நோட்டில் எழுதிவைத்துக்கொள்வாள். அப்படி அவளிடம் பதினேழு நோட்டு இருந்தது.

"போட்டோ எடுத்து வச்சுக்கிட வேண்டியதான அண்ணாச்சி? நீங்க எடுக்காத போட்டோவா?" என்றாள்.

"போட்டோ ஆயிரம் கெடக்கும்மா. எல்லாத்துலயும் எவனாவது மேல உக்காந்து பிடரியை மறைச்சிருக்கான். அதுவும் போக, போட்டோல கையை வச்சுப் பாக்க முடியுமா?"

அவள் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டினாள். போன வருஷம் கடையநல்லூர் ஆசியா டீச்சர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார். கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறவர். ஒரு பழைய கல்மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அந்தப் படங்களை வைத்தே மண்டபத்தை மேலும் கீழும் திருப்பிப் பார்க்கும்படி கம்ப்யூட்டருக்குள் எழுப்பியிருந்தார். காளீஸ்வரி அன்றைக்குக் கேட்டு நாலு மென்பொருளின் பெயர் எழுதிவைத்திருந்தாள்.

"ஒரு பொருளைச் சுத்தி நூறு பேரு நின்னு பாக்காங்கன்னு வச்சுக்கிடுங்க. இவன் பாத்த புள்ளியும் அவன் பாத்த புள்ளியும் ஒண்ணுதானான்னு மெஷின் சேத்துப் பாக்கும். சேந்துதுன்னா அந்தப் புள்ளி எம்புட்டுத் தூரத்துல, எம்புட்டு உசரத்துல இருக்குன்னு கணக்குப் போட்டுரும். அப்படி லச்சம் புள்ளி சேந்தா உங்க சிங்கம்."

"நம்மகிட்ட இருக்குத மெஷின்ல ஓடுமா?"

"அதைத்தான் பாக்கணும். நாளைக்குக் காலம்பற வாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தார்கள். காளீஸ்வரி புது நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டாள். எந்த மென்பொருளானாலும் போடுகிற விதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அவள் மவுஸைத் தொடுவாள். ஜஸ்டினுக்கு அது பொறுக்கவில்லை.

முதலில் கோல்மேப். படங்களைச் சேர்த்துப் புள்ளி கண்டுபிடிக்கிறது அது. அதில் இரண்டு கட்டு இருந்தது, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. "பெருசையே எடும்மா, அதான் நல்லா இருக்கும்" என்றான் ஜஸ்டின். அவன் சொன்னானே என்று எடுத்தாள். இணையத்திலிருந்து இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு பார்த்தால் அது தனியாக கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிற மெஷினுக்கானது. அவளுடைய மெஷினில் அந்தக் கார்டு கிடையாது.

"அண்ணாச்சி, பந்தியில பெரிய இலையாப் பாத்து உக்காருத ஆளு நீங்க. அது மாப்பிள்ளைக்குப் போட்ட இலை" என்று சொல்லிவிட்டு, 'திருத்தம்: பெரியது வேண்டாம்' என்று நோட்டில் எழுதினாள்.

சிறிய கட்டு ஓடியது. ஆனால் கார்டு இல்லாமல் அதில் பாதி வேலைதான் நடக்கும். மீதிப் பாதிக்கு ஓப்பன் எம்விஎஸ் என்று இன்னொன்று. அந்த இரண்டும் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொள்ள நடுவில் மூன்றாவதாக ஒரு சின்ன மென்பொருள். கடைசியில் வருகிற உருவத்தைக் கழுவித் துடைக்க மெஷ்லேப். கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் சிவப்பில் திட்டும்.

"எல்லாம் இலவசம்ங்கிய. இலவசத்துக்கு ஏன் இம்புட்டுப் பாடு படுத்துது?" என்றான் ஜஸ்டின்.

"எங்கெங்கயோ இருக்குதவங்க சேந்து எழுதி, சமையக் குறிப்போட ஊருக்குக் குடுத்திருக்காங்க. ஊட்டியும் விடணுமா?"

திரையில் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருவரும் டீ குடித்தார்கள். இப்படி எத்தனை கோடு நகர்வதைப் பார்த்திருக்கிறார்கள்! முதன்முதலில் ஸ்கேனருக்கு மென்பொருள் போட்ட நாளில், எட்டு பிளாப்பியில் ஆறாவது பிளாப்பி படிக்காமல் போய், இருவரும் பஸ் ஏறித் திருநெல்வேலி போய் வேறு வாங்கி வந்தார்கள். அன்றைக்கு ஞானதுரை ஸ்டூடியோவில் காத்துக்கொண்டிருந்தார். இரவாவதற்குள் வந்துவிட்டார்கள். ஸ்கேனரில் முதலில் அவர் வைத்தது தன் பழைய டார்க்ரூம் டவலை. "இந்த நூலு நூலாத் தெரியுதே, அப்படித்தான் வரணும். நூலு தெரியலைன்னா மெஷினு சரியில்லன்னு அர்த்தம்" என்றார். காளீஸ்வரி அதை அப்படியே சொல்லிக் காட்டினாள். ஜஸ்டினுக்கு அந்த டவலின் ஹைப்போ மருந்து வாடைகூட வந்துவிட்டது போலிருந்தது.

மூன்று மணிக்கு நாலும் ஓடின. படம் எடுப்பதற்கான விதிகளைப் பதினாலு என்று எண் போட்டு எழுதி, காளீஸ்வரி ஜஸ்டின் கையில் கொடுத்தாள். பிளாஷ் போடக்கூடாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் முக்கால் பங்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். இடையில் ஆள் நிற்கக்கூடாது. பதினோராவது விதி: பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்க வேண்டும், ஏனென்றால் படத்தை மட்டும் பார்க்கிற மெஷினுக்குப் பொருள் சின்னதா பெரிதா என்று தெரியாது.

அந்தப் பதினாலில் ஒரு விதி இல்லை. உலகத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்பதால் எந்தக் குறிப்பிலும் அதை எழுதியிருக்கவில்லை.

ஜஸ்டின் குற்றாலத்துக்குத் திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. சிங்கத்தைப் பார்த்தான். போன சீசனில் அடித்த மஞ்சள் மங்கி, முதுகில் பாசி பிடித்து, மூக்கில் பறவை எச்சத்தோடு நின்றது. நாளைக்குப் படம் எடுக்கப் போகிறோம், இப்படியா நிறுத்துவது? முகம் கழுவாமல், தலை சீவாமல் ஒருவரையும் அவன் அப்பா கேமரா முன்னால் உட்காரவிட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் சீசன் தொடங்குகிறதற்கு முன்னால் சிங்கத்துக்கு எனாமல் பூசுவது வழக்கம். இந்த வருஷம் காலி செய்கிற மும்முரத்தில் விட்டுப்போயிருந்தது.

பெயிண்ட் வாளியைத் திறக்கும்போது மகாராஜா கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து கூட விளையாடியவன். நல்லகண்ணு அண்ணாச்சிக்குப் பிறகு சிப்ஸ் சட்டியை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"ஏலே, சாவப்போறவனுக்குச் சட்டை தைக்குத?"

"நாளைக்குப் போட்டோலே. நல்லா இருக்க வேண்டாமா?"

"இரி, நானும் வாரேன். எங்க அப்பா மூஞ்சிக்கு நான்தான் அடிப்பேன்."

இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். சிங்கம் புது மாப்பிள்ளை மாதிரி மஞ்சளாக மினுங்கியது.

சனிக்கிழமை காலையில் ஜஸ்டின் விதிப்படி நூற்று நாற்பத்தெட்டுப் படம் எடுத்தான். ஒரு படம்கூட ஆடவில்லை. அளவுகோல் வைத்தான். பதினாலுக்கும் டிக் போட்டுக்கொண்டு தென்காசிக்கு வந்தான். காளீஸ்வரி படங்களை மெஷினுக்குக் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் நூற்று நாற்பத்தெட்டில் முப்பத்தேழுதான் சேர்ந்திருந்தது.

திரையில் புள்ளிகள் மிதந்தன. சாலை வந்திருந்தது. ஸ்டூடியோ கதவு வந்திருந்தது. மகாராஜா கடையின் போர்டு 'சுத்தமான தேங்காய் எண்ணெயில் பொரித்தது' என்ற எழுத்தோடு அட்சர சுத்தமாக வந்திருந்தது. நடுவில், சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் ஓட்டை.

காளீஸ்வரி படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்றாவது படத்தில் நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, சிங்கம் ஏன் இப்படிப் பளபளங்குது?"

"நேத்துத்தான பெயிண்ட் அடிச்சேன்."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "யாரு அடிக்கச் சொன்னா?"

"அடிக்காம எப்படிம்மா போட்டோ எடுக்க?"

"மெஷினு புள்ளி தேடுது அண்ணாச்சி! அழுக்கு, பாசி, கீறல், அதான் அதுக்குப் புள்ளி. நீங்க எல்லாத்தையும் மூடி மஞ்சளா மொழுகி வச்சிருக்கிய. மினுக்கம் வேற, நீங்க நகர நகர அதுவும் நகருது. எதைப் பிடிச்சுக்கிட்டு அது கணக்குப் போடும்?"

ஜஸ்டின் நாற்காலியில் உட்கார்ந்தான். முப்பது வருஷமாகப் படம் எடுக்கிறவன். எடுப்பதற்கு முன்னால் எதைச் செய்யவேண்டும் என்று அவனுக்கு அப்பா கற்றுத்தந்தாரோ, அதைத்தான் செய்திருந்தான். அப்பாவின் கையை அவனே மூடிவிட்டான்.

ஆசியா டீச்சருக்குப் போன் போட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. பளபளப்பான பொருள் என்றால் மேலே மாவு மாதிரி எதையாவது தூவி மினுக்கத்தைக் கொல்ல வேண்டும் என்றார். "டால்கம் பவுடர்கூடப் போதும், மேடம்."

ஞாயிற்றுக்கிழமை காலை காளீஸ்வரியே முதல் பஸ்ஸில் குற்றாலத்துக்கு வந்தாள். ஜஸ்டினின் மனைவி கிறிஸ்டி, ஆராதனைக்குப் போகிற வழியில், இரண்டு பேருக்கும் இட்லியைக் கொடுத்துவிட்டு, "ஜெபத்துல உங்க சிங்கத்தையும் சேத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பவுடருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஸ்டூடியோவின் டப்பா ஜஸ்டினின் பையிலேயே இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்கள் முகத்தில் எண்ணெய் வழியும். "கொஞ்சம் பவுடர் போட்டுக்கிடுங்க. தாடையைத் தூக்குங்க. சிரிக்க வேண்டாம், சிரிச்ச மாதிரி இருங்க" என்பார் ஞானதுரை. அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. ஜஸ்டின் பஃப்பை எடுத்துச் சிங்கத்தின் நெற்றியிலிருந்து ஒற்றத் தொடங்கினான். மகாராஜா கடை வாசலில் நின்று, "எங்க அப்பா கல்யாணத்தன்னைக்கிக்கூட இப்படிப் பவுடர் போட்டதில்லவே" என்றான்.

முதுகுவரை வந்திருப்பான். மலையிலிருந்து சாரல் இறங்கியது. குடை விரிப்பதற்குள் பவுடர் குழைந்து, சிங்கத்தின் கன்னத்தில் வெள்ளையாக வழிந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான் என்று ஜஸ்டினுக்குத் தோன்றியது. டப்பாவை முன்னங்காலருகே வைத்துவிட்டு, சாக்கை எடுத்து வழிகிற பவுடரைத் துடைத்தான். அழுத்தித் துடைத்ததில் மஞ்சளும் சேர்ந்து வந்தது.

சாரல் காற்றில் எனாமல் இரண்டு நாளாகியும் இறுகாமல் இருந்தது.

"மகாராஜா, மண்ணெண்ணெய் இருக்காலே?"

புதுப் பூச்சு முழுதும் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிடரியில் பழைய பெயிண்ட் கனத்துக் கிடந்தது தெரிந்ததும் ஜஸ்டின் உப்புத்தாளை எடுத்தான். காளீஸ்வரி ஒன்றை வாங்கிக்கொண்டாள். முனங்கிக்கொண்டே மகாராஜாவும் வந்தான். "எங்க அப்பா மூஞ்சில உப்புத்தாள் போடுதிய, நாளைக்குக் கனவுல வந்து கேட்டார்னா உங்க ரெண்டு பேர் பேரையும்தான் சொல்லுவேன்."

தேய்க்கத் தேய்க்க வருஷங்கள் வந்தன. கொரோனாவில் அருவிக்கு ஆள் விடாத இரண்டு சீசனுக்கு மட்டும் பூச்சு இல்லை. மற்றபடி வருஷத்துக்கு ஒன்று. ஓர் இடத்தில் எலுமிச்சை மஞ்சள், அதற்குள் காவி, அதற்குள் பழுப்பு, வெட்டிய வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக. "இது தொண்ணூத்தி ரெண்டு. அந்த வருச வெள்ளத்துல வாலு உடைஞ்சு அப்பா ஒட்டவச்சாரு." "இது நான் முதமொதல்ல தனியா அடிச்சது, பாரு, எம்புட்டு மோசமா இழுத்திருக்கேன்." ஜஸ்டின் சொல்லிக்கொண்டே தேய்த்தான்.

காளீஸ்வரி வயிற்றுப் பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அண்ணாச்சி, இதென்ன பச்சை?"

"எண்பத்திநாலு. அந்த வருசம் மஞ்சப் பெயிண்ட் வரலன்னு கதவுக்கு வாங்குன பச்சையை எடுத்து அப்பா அடிச்சிட்டாரு. ஊரே சிரிச்சுது."

"எண்பத்திநாலா? நான் மூணாப்புல எக்ஸ்கர்ஷன் வந்த வருசம்லா? ரெட்டைச் சடை போட்டு, இதுமேல உக்காந்து எடுத்த படம் இன்னும் எங்க வீட்டுச் செவுத்துல தொங்குது. பிளாக் அண்ட் ஒயிட்டு. இத்தனை வருசமா மஞ்சச் சிங்கம்னுல்லா நினைச்சிட்டிருக்கேன்." அந்தப் பச்சையை விரலால் தடவிப் பார்த்தாள். "பச்சைச் சிங்கம்! எனக்கே தெரியாமப் போச்சே."

பதினொரு மணிக்குச் சாரல் விட்டது. மேகம் மட்டும் நின்றது. குற்றாலத்து மேகத்துக்கு நிழல் கிடையாது. வெள்ளைத் துணி கட்டின மாதிரி வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல விழும். "இந்த வெளிச்சத்துக்கு எந்த லைட்டுக்காரனும் விலை சொல்ல முடியாது" என்று ஞானதுரை சொல்வார். சிங்கம் ஏழெட்டு நிறத்தில் சொறி பிடித்த நாய் மாதிரி நின்றது. காளீஸ்வரிக்கு அதைப் பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. "இது போதும். இதுல புள்ளி இல்லன்னா வேற எதுல இருக்கப்போகுது? சீக்கிரம் எடுங்க, திரும்ப மழை வருது."

ஜஸ்டின் சுற்றி இரண்டு வட்டம் எடுத்தான். பிறகு பிடரியை மட்டும் கிட்டத்தில் அறுபது படம். கடைசிப் படம் எடுக்கும்போது தூறல் தொடங்கிவிட்டது. கேமராவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, பையையும் டப்பாவையும் அள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

அன்று மத்தியானம் தொடங்கிய கணக்கு மறுநாள் காலைவரை ஓடியது. காளீஸ்வரி சென்டரில் மற்ற மெஷின்கள் எல்லாவற்றையும் அணைத்து, யுபிஎஸ்ஸை அந்த ஒன்றுக்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜஸ்டின் வந்துவிட்டான். குற்றாலத்துக்குப் போகவில்லை. கணக்கு முடிந்திருந்தது. இருநூற்றுப் பதினொன்றில் இருநூற்று ஆறு படம் சேர்ந்திருந்தது. மெஷ்லேப் திறந்தது. சாம்பல் திரையில் முதலில் சாலை, பிறகு நாலு கால், பிறகு சொறியும் வளையமுமாக நல்லகண்ணு அண்ணாச்சி முகத்தோடு சிங்கம் எழுந்து நின்றது.

போன் அடித்தது. மகாராஜா. "ஜேசிபி வந்துட்டுலே."

"வையிலே போனை. எனக்கு அந்தச் சத்தம் கேக்க வேண்டாம்."

காளீஸ்வரி மவுஸை அவன் பக்கம் நகர்த்தினாள். ஜஸ்டின் சிங்கத்தைத் திருப்பினான். கிட்டே கொண்டுவந்தான். பெயிண்ட் போன பிடரியில் நாலு நாலு கோடாக ஓடிற்று. மூன்றாவது கோடு தாமதமாகத் தொடங்கி, ஆழமில்லாமல் போயிற்று. ஒரு கொத்து, இன்னொரு கொத்து, காதுக்குப் பின்னால் ஒரு கொத்து. எல்லாவற்றிலும் இருந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

வெகுநேரம் கழித்துக் கேட்டான். "இந்தக் கை எம்புட்டுப் பெருசும்மா?"

"இருங்க, அளந்து சொல்லுதேன்." இரண்டு முனையைத் தொட்டாள். பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு என்று வந்தது.

"ஒண்ணு எட்டுன்னா? அங்குலமா?"

காளீஸ்வரி நோட்டை எடுத்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தாள். மழை அவசரத்தில் எந்த விதிக்கும் டிக் போட்டிருக்கவில்லை. பதினோராவது விதியில் விரல் நின்றது.

"அளவுகோல் வைக்கலையே அண்ணாச்சி. முந்தாநாள் வச்சோம், நேத்து வைக்கலையே. இது சும்மா ஒரு நம்பர். இந்தச் சிங்கம் சுண்டைக்கா அளவும் இருக்கலாம், மலை அளவும் இருக்கலாம். மெஷினுக்குத் தெரியாது."

ஜஸ்டின் மகாராஜாவைக் கூப்பிட்டான். "ஏலே, ஒரு டேப்பை எடுத்து வாலையாவது அளந்து சொல்லு."

"என்னத்த அளக்க? கல்லும் மண்ணுமா லாரில கெடக்கு. நான்தான் பாத்தேன், நீயாவது பாக்காம இருந்தியே, நல்லது" என்றான் மகாராஜா.

போனை வைத்துவிட்டு இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஸ்டூடியோவின் பழைய படங்களை வைத்து ஏதாவது செய்யலாமா என்று காளீஸ்வரி யோசித்தாள். சிங்கத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். முன்னங்காலருகே குட்டையாக, உருளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் அதைப் பார்த்ததும் குப்பை என்று வெட்டி எறிய நினைத்து, சிங்கத்தைக் காட்டுகிற அவசரத்தில் விட்டிருந்தாள்.

"இதென்ன அண்ணாச்சி?"

ஜஸ்டின் குனிந்து பார்த்தான். பிறகு பையைத் திறந்தான். அதே டப்பா. சாரலில் நனைந்து, மேலே பவுடர் கட்டியாகக் காய்ந்திருந்தது. துடைக்கிறபோது கால்மாட்டில் வைத்தவன், படம் எடுக்கும்போது அதை எடுக்க மறந்துவிட்டான். தன் காலத்தில் ஒரு படத்திலும் ஞானதுரை அந்த டப்பா தெரிய விட்டதில்லை.

காளீஸ்வரி ஸ்கேலை வைத்து டப்பாவை அளந்தாள். பதினாறரை சென்டிமீட்டர். திரையில் டப்பாவின் உயரத்தைத் தொட்டாள். இரண்டையும் வகுத்து, நோட்டில் எழுதி, ஒருமுறை சரிபார்த்து, அதைச் சிங்கத்துக்குக் கொடுத்தாள். மூக்கிலிருந்து வால்வரை நாலடி மூன்றங்குலம் என்று வந்தது. ஜஸ்டின் தலையசைத்தான். அவன் எட்டு வயதில் ஏறி உட்காரும்போது கால் தரையைத் தொடவில்லை, அப்படித்தான் இருக்கும்.

"இப்போ கையை அளங்க" என்றாள்.

அவனே தொட்டான். முதல் கோட்டின் வெளி ஓரத்திலிருந்து நாலாவது கோட்டின் வெளி ஓரம்வரை. ஏழு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். வேறு கொத்தில் தொட்டான். ஏழு புள்ளி ஒன்று.

ஜஸ்டின் தன் வலது கையை மேஜையில் விரித்தான். நாலு விரலையும் சேர்த்துக்கொண்டு, ஸ்கேலைக் குறுக்கே வைத்தான். எட்டு சென்டிமீட்டருக்கு மேலேயே இருந்தது.

"தப்பா இருக்குமா காளி?"

"டப்பா சரி. கணக்கும் சரி."

அவன் மறுபடியும் அளந்தான். கன்னத்தைப் பிடித்துத் தாடையைத் தூக்குகிற கை. பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற கை. முதுகில் விழுந்தால் முதுகு முழுவதும் எரிகிற கை. அது தன்னுடையதைவிடச் சின்னதாக இருக்கும் என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"எங்க அப்பா சின்ன ஆளு போல" என்றான்.

காளீஸ்வரி நோட்டில் பதினோராவது விதிக்கு எதிரே டிக் போட்டு, பக்கத்தில் 'பவுடர் டப்பா, 16.5' என்று எழுதினாள். ஜஸ்டின் விரித்த கையை மேஜையிலிருந்து எடுக்கவில்லை.